இடப்பக்கத்துச் சலாம்

நோயாளி சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவக் கொண்டுபோகுமுன் ஒரு தடவை பாருங்கள். தொழில்வழிச் சிகிச்சைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். மூளையைப் பற்றிப் பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று பார்த்தால் எச்சில் தட்டைப் பார்க்கச் சொல்கிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் முதல் பத்து நாளும் அந்தத் தட்டைப் பார்க்காமல்தான் கெட்டேன்.

சண்டைக்காலத்தில் நான் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். அடிபட்டு வந்தவர்கள் திரும்பவும் தாமாக உடுக்க, உண்ண, தங்கள் தொழிலைச் செய்யப் பழக்குவது என் வேலை. வேலையின் முழுப்பெயர் யாருடைய வாயிலும் நுழையாது. அதனால் எல்லோருக்கும் நான் 'பயிற்சி மிஸ்'. உங்களுக்கு இப்போது தலைக்குள் இருப்பதைப் படம் பிடித்துத் தரும் இயந்திரம் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் படம் வேண்டுமென்றால் ஆளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அதுவும் றோட்டுத் திறந்திருந்தால்.

அந்த நாட்களில் கிண்ணியாவிலிருந்து ஒரு தையற்காரர் எங்கள் வாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். நகரத்துக்குத் துணி வாங்க வந்த இடத்தில் ஷெல் விழுந்து, இரும்புத் துண்டு ஒன்று வலப்பக்கக் காதுக்கு மேலே தலையில் ஏறிவிட்டது. வெளியூரில் சத்திரசிகிச்சை செய்து, தையல் காய்ந்த பிறகு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நடந்தார், கதைத்தார், பகிடியும் விட்டார். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் 'நானா' என்பது இங்கே வழக்கம். அவர் எங்களுக்குத் தையற்கார நானா ஆனார். இவ்வளவு பெரிய அடிக்குப் பிறகு இப்படி எழும்பியிருக்கிறாரே, அதிர்ஷ்டசாலி என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

ஒரே ஒரு குறை, சாப்பாட்டில் பாதியை விட்டுவிடுவார். நான் கோப்பில் 'சாப்பாட்டில் விருப்பமில்லை, மனச்சோர்வு' என்று எழுதிவிட்டேன். அவரோ ஒவ்வொரு நாளும் என்னிடம் முறையிடுவார்.

"சோறு காணாது மிஸ். பசியோட எழும்புறன்."

விட்ட சோறு தட்டிலேயே கிடக்கும்போது மனிதர் போதாது என்கிறாரே, இது என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருநாள் மதியம் அவருடைய மனைவி பக்கத்தில் இருந்தாள். அவள் தட்டை எடுத்து அரைவட்டம் திருப்பி வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"ஆ, இப்ப வந்திட்டு" என்று சொல்லி மிச்சத்தையும் சாப்பிட்டார்.

தட்டின் இடப்பாதியில் இருந்த சோறு அவருக்கு இல்லாமலே இருந்திருக்கிறது. பத்து நாளாக நான் மனச்சோர்வு என்று எழுதியதை அந்தப் பெண் தன்பாட்டில் கண்டுபிடித்து, தான் பக்கத்தில் இருக்கும் வேளைகளில் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதன்பிறகுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. முகத்தில் வலப்பக்கம் மட்டும் சவரம் செய்திருப்பார். சட்டையில் ஒரு கை மாட்டி, மற்றக் கை தொங்க நடப்பார். ஒரு குழந்தைச் சட்டையை வெட்டித் தைக்கக் கொடுத்தேன். இருபத்தைந்து வருடம் தைத்த கை, தையல் முத்துமுத்தாக விழுந்தது. ஒரு கையை மட்டும் பொருத்தி, "முடிஞ்சிது மிஸ்" என்று தந்தார்.

கண்ணில்தான் பிழை என்று நினைத்துக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் என் வயதுக்காரர், சிடுமூஞ்சி, ஆனால் கெட்டிக்காரர். நானாவைத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு இடப்பக்கம் ஒரு விரலை ஆட்டினார். அசையுது என்றார் நானா. வலப்பக்கம் ஆட்டினார். அசையுது என்றார். பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாக ஆட்டினார்.

"வலப்பக்கம் மட்டும்தான் டொக்டர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "கண்ணில ஒரு பிழையும் இல்ல. கண் காணுது. வலப்பக்கம் ஒண்டு வந்த உடனே மூளை இடப்பக்கத்தைக் கைவிட்டிடுது. இது என்ர வேலை இல்ல மிஸ். உங்கட வேலை."

பார்ப்பது கண்ணின் வேலை என்று அதுவரை நம்பியிருந்தேன். படிக்கும்போது புத்தகத்தில் இரண்டு வரி இதைப்பற்றி வாசித்து, பரீட்சைக்கு எழுதி, மறந்தும் போயிருந்தேன். அது ஒரு ஆளாகக் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று நினைக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்தநாள் ஒரு விசயத்தைச் செய்து பார்த்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். கிண்ணியாவுக்குப் போவதென்றால் அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான் போகவேண்டும். அந்த மிதவையை இங்கே 'பாதை' என்போம், அது நிற்கும் துறையைப் பாதையடி என்போம். நானாவைக் கண்ணை மூடச் சொன்னேன்.

"கிண்ணியாப் பக்கத்துப் பாதையடியில இறங்குறீங்கள். உங்கட கடைக்கு நடந்து போங்கோ. வழியில என்னென்ன இருக்கு?"

ஐஸ்வாடி, தேத்தண்ணிக்கடை, அரிசி மில், கொல்லன் பட்டறை என்று அடுக்கிக்கொண்டு போய்க் கடையில் முடித்தார்.

"இப்ப கடையைப் பூட்டிக்கொண்டு பாதையடிக்குத் திரும்பி வாங்கோ."

மருந்துக்கடை, பள்ளிக்கூட மதில், சைக்கிள் திருத்துற இடம், பெரிய வேம்பு என்றார். முதல் சொன்னதில் ஒன்றுகூட இரண்டாவதில் இல்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், போகக்குள்ள சோத்துக்கைப் பக்கம் இரிக்கிறதத்தான் சொன்னார். வரக்குள்ளயும் சோத்துக்கைப் பக்கம் இரிக்கிறத மட்டும்தான் சொல்றார்."

விளங்குகிறதா உங்களுக்கு? ஊர் முழுதாக அவர் தலைக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு கடை, ஒரு மரம் தொலையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நினைவில் நடக்கும்போதும் அவர் வலப்பக்கத்தை மட்டுமே கண்டார். நினைவுக்கும் இடம் வலம் இருக்கிறது. அங்கேயும் யாரோ திரும்பிப் பார்த்தால்தான் அந்தப் பக்கம் இருக்கும். நான் அன்று வீட்டுக்கு, பாலையூற்றுக்கு, சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன். ஏறி ஓட மனம் வரவில்லை. நான் இதுவரை முழுதாகப் பார்த்தேன் என்று நம்பிய ஒவ்வொன்றின்மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதிசயப்பட்டால் மட்டும் போதுமா, ஆளைப் பழக்க வேண்டாமா? கட்டிலின் இடப்பக்கத்தில் சிவப்புத் துணி கட்டினேன். "இடப்பக்கம் பாருங்கோ நானா" என்று நாளுக்கு நூறுதரம் சொன்னேன். சொன்னால் பார்ப்பார். சொல்லாவிட்டால் இல்லை. தான் பார்க்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. இல்லாத ஒன்றை யார் தேடுவார்? மூன்று கிழமை தலைகீழாக நின்றும் ஓர் அங்குலம் நகரவில்லை.

அப்போதுதான் தெற்கே சண்டை மூண்டது. காயக்காரர்கள் வரத்தொடங்கினார்கள். கட்டிலுக்குக் கீழே, நடைபாதையில், பாயில் எல்லாம் ஆட்கள். வாட்டு டொக்டர் என்னிடம் வந்தார்.

"தையற்காரர் நடக்கிறார்தானே மிஸ். நாளண்டைக்குக் காலமை அனுப்பவேணும்."

நான் சரி என்றேன். மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் வெளிறிவிட்டது.

"பாதையடியில சென்றி இரிக்கே மிஸ். பீச்சாங்கைப் பக்கம்."

நான் அந்தப் பாதையடியால் எத்தனையோ தடவை போய்வந்தவள். காவலரண் எந்தப் பக்கம் என்று அவள் சொல்லுமட்டும் எனக்கு நினைவில் இல்லை. நகரத்துப் பக்கமிருந்து போகும்போது இடக்கைப் பக்கம், மண்மூட்டைக்குப் பின்னால். அங்கே பெண்களுக்கு வேறு வரிசை, தகர மறைப்புக்குள். ஆண்கள் ஒவ்வொருவராகத் தனியே நடக்க வேண்டும். கைபிடித்துக் கூட்டிப்போக விடமாட்டார்கள். நில் என்று கையைக் காட்டினால் நிற்கவேண்டும். நிற்காதவருக்கு என்ன நடக்கும் என்று அந்த நாட்களில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

டொக்டரிடம் சிங்களத்தில் ஒரு கடிதம் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் யோசித்தேன், கடிதம் நிற்கிறவருக்குத்தான் உதவும். சத்தம் போட்டால் கேட்பாரே என்றால், இடப்பக்கத்துச் சத்தத்துக்கும் அவர் வலப்பக்கம்தான் திரும்புவார். நான் முன்னால் போய்ச் சொல்லிவைக்கலாம். ஒரு நாளைக்குச் சரி. காவலுக்கு நிற்கிற ஆள் நாளுக்கு மூன்றுதரம் மாறுவான். நானா மருந்துக்கு வரவேண்டும், துணிக்கு வரவேண்டும், ஊருக்குள்ளும் சென்றிகள் இருந்தன.

கோப்பில் 'காய்ச்சல்' என்று எழுதச் சொல்லி இன்னும் ஒரு கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், தாதியிடம் கேட்பதற்காக எழும்பியும் போனேன். நானாவின் கட்டிலுக்குக் கீழே பாயில் வயிற்றில் காயத்தோடு ஒருவர் கிடந்தார். அவரைத் தாண்டித்தான் தாதியிடம் போகவேண்டும். காலைத் தூக்கியவள் வைக்க இடமில்லாமல் திரும்பிவிட்டேன். இப்படியான நேரத்தில் எது சரி என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

மறுநாள் மதியம், கடைசி முழுநாள். நானாவைத் தேடி அவசரமாக வந்தேன். அவர் கதிரையில் இருந்து மேற்குப் பார்த்துத் தொழுதுகொண்டிருந்தார். தொழுகை நேரமென்றால் நான் மரியாதைக்காக வெளியே போய்விடுவேன். மூன்று கிழமையும் அப்படித்தான். எங்கள் ஊரில் ஒருவர் தொழும்போதோ கும்பிடும்போதோ மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அன்று பதற்றத்தில் அதை மறந்து அவருடைய இடப்பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

தொழுகையின் முடிவில் அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பிச் சலாம் சொன்னார். பிறகு முகம் இடப்பக்கம் திரும்பியது. யாரும் சொல்லாமல், யாரும் தொடாமல், தோள்வரை முழுதாகத் திரும்பியது. திரும்பிய கண் என் கண்ணில் வந்து நின்றது. அவர் என்னைக் கண்டார்.

நூறுதரம் நான் கேட்டு நடக்காதது நாளுக்கு ஐந்து தடவை அங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துச் செய்ததுதான் என் கண்ணை மறைத்தது.

"நானா, இப்ப ரெண்டு பக்கமும் திரும்பினீங்கள். ஏன் திரும்பினீங்கள்?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "சலாம் சொல்லணுமே மிஸ். ரெண்டு பக்கமும் மலக்குமார் இரிக்காங்க. வலப்பக்கத்து மலக்குக்குச் சொல்லிப்போட்டு மத்தவருக்குச் சொல்லாம எப்பிடி வுடுற?"

மலக்கு என்றால் வானவர். தட்டில் இடப்பக்கம் இல்லை, சட்டையில் இல்லை, சொந்த ஊரின் நினைவில்கூட இல்லை. அந்த மனிதருக்கு உலகத்தின் இடப்பக்கத்தில் மிச்சமிருந்தவர் அந்த ஒரு வானவர்தான். சிறுவயதிலிருந்து உடம்பு பழகிய ஒன்று அடிபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு எங்கோ உயிரோடு இருந்திருக்கிறது. ஏன் சவரத்தில் போனது தொழுகையில் தங்கியது என்று கேட்டீர்களானால் எனக்குத் தெரியாது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும்போதுகூட இடக்கையை மனைவிதான் கழுவிவிடுவாள். சலாம் மட்டும் அவருடையதாகவே இருந்தது.

அந்தச் சலாமை வைத்தே இடப்பக்கம் திரும்பப் பழக்கலாம் என்று நான் நினைத்ததைச் சொன்னேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"தொழுக தொழுகதான் மிஸ். அத வைத்தியத்துக்கு எடுக்கிறது எனக்குச் சரியாப் படல்ல."

அவள் சொன்னது நியாயம். இன்னொருவருடைய நம்பிக்கையில் கைவைக்க நான் யார்? நானாதான் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"தொழுகையில சொல்ற சலாம் வேற புள்ள. இது தொழுக இல்ல. வாசல்ல, றோட்டுல, காண்ற ஆளுக்கெல்லாம் சலாம் சொல்லத்தானே செய்ற? அதுக்கு யார்ட்டக் கேக்கணும்?"

"ஆளக் கண்டாத்தானே சொல்ற?"

"எனக்குத்தான் ஆளத் தெரியிதில்லயே. சொல்லிப்போட்டுப் பாக்கன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம், அப்ப பழகுங்க" என்றாள்.

அன்று மாலைவரைக்கும் ஆஸ்பத்திரி நடைபாதையில் பாய்களுக்கு நடுவே நடந்தோம். ஒவ்வொரு கதவிலும் நிற்க வேண்டும், வலப்பக்கம் சலாம், இடப்பக்கம் சலாம், பிறகுதான் கால் எடுக்கவேண்டும். வாட்டு உதவியாளர் ஒருவரைக் கூட்டுகிற தும்புத்தடியோடு இடப்பக்கக் கதவுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினேன். முதல் கதவில் வலப்பக்கம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் அவசரப்படுத்தாமல் விட்டேன், அவர் தொழுகையில் சொல்வதுபோலவே மெதுவாக, 'அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்' என்று முழுச் சொல்லாகச் சொன்னார். தலை தானாகத் திரும்பியது. உதவியாளரைக் கண்டு திடுக்கிட்டுச் சிரித்தார். சொல்லைக் குறைத்தால் தலை திரும்பாது, சொல்லை முழுதாக விட்டால் திரும்பும் என்று அப்போதுதான் பிடிபட்டது. பாயில் கிடந்த காயக்காரர்களும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கடந்து போகும்போது ஒரு சிலர் பதில் சலாமும் சொன்னார்கள்.

பாதையடியில் கதவு இல்லையே என்று மனைவி கேட்டாள். கெட்டிக்காரி. அங்கே தார் முடிந்து மணல் தொடங்கும் இடம் காவலரணுக்குச் சற்று முன்னால் இருக்கிறது என்றும் அவளே சொன்னாள். காலடியில் மணல் தட்டினால் நிற்கவேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்குமேல் செய்ய என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

காலையில் நானும் கூடப் போனேன். பாதையடியில் முன்னால் போய்ச் சொல்லிவைக்க விடாமல் என்னையும் மனைவியையும் பெண்கள் வரிசைக்குள் அனுப்பிவிட்டார்கள். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு அதில் கண்ணை வைத்தாள். பிறகு அவளால் பார்க்க முடியாமல் என்னைப் பார்க்கச் சொன்னாள்.

நானாவுக்கு முன்னால் போனவர் சோதனை முடிந்து மிதவைக்குப் போய்விட்டார். நானா தனியே நடந்து வந்தார். கையில் அடையாள அட்டை, பையில் கடிதம். மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற படைவீரன் கையை உயர்த்தினான். நானா நடந்தார். அவன் சத்தம் போட்டான். நானா தலையை வலப்பக்கம், கடல் பக்கம் கொஞ்சம் சரித்துவிட்டு மேலும் இரண்டடி வைத்தார். அவன் கையிலிருந்த துவக்கின் குழல் மேலே எழும்பியதைக் கண்டேன். எனக்கு ஓடவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. கத்தினால் என் பக்கம் திரும்புவார், நான் நின்றது வலப்பக்கம்.

அவருடைய செருப்பு மணலில் பட்டது. நின்றார்.

வலப்பக்கம் திரும்பினார். அங்கே எங்களை மறைத்த தகரமும் அதற்கப்பால் தண்ணீரும்தான். உதடு அசைந்தது. மெதுவாக, ஒரு எழுத்தும் குறையாமல், யாரும் அவசரப்படுத்தாததுபோலச் சொன்னார். வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமான சொல்லைக் கேட்டதில்லை, அதை நான் கேட்கவுமில்லை, உதட்டில்தான் பார்த்தேன். பிறகு முகம் இடப்பக்கம் வந்தது. துவக்கின் வாய் நேரே அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கினார்.

படைவீரன் கிட்ட வந்தான். அட்டையைப் பார்த்தான், கடிதத்தை வாசித்தான், தலைத் தழும்பை எட்டிப் பார்த்தான். அவனுக்கும் வேர்த்திருந்தது. போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பெண்கள் வரிசை முடிந்து நாங்கள் வெளியே வர வெகுநேரம் எடுத்தது. மிதவையின் ஓரத்தில் நானா இருந்தார். மனைவி ஓடிப்போய் அவருடைய இடப்பக்கத்தில் இருந்தாள், பிறகு நினைவு வந்து எழும்பி வலப்பக்கத்துக்கு மாறினாள். அவர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் பயம் இல்லை. மூன்று கிழமை நான் அவரைப் பார்த்து வாய் பிளந்த அதே மாதிரி, அவர் அந்த மணலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒராளும் இல்லாத எடத்துக்குத்தான் மிஸ் நான் சலாம் சொன்ன" என்றார். "சொல்லி முடிய, அங்க ஒரு ஆள் நிண்டார்."